நன்றி பெனரை இறக்குங்கள், கணக்கைக் கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். கோபம் வந்தால் தாராளமாகக் கீழே எழுதுங்கள். ஆனால் முழுக்க வாசித்துவிட்டு எழுதுங்கள்.

எங்கள் ஊரில் இப்போது பெனர் காலம். வீதி விளக்கு நாலு எரிந்தால் நன்றி பெனர். வடிகானில் இருந்து மண் அள்ளினால் நன்றி பெனர். குறுக்கு வீதிக்கு இரண்டு லோட் கிரவல் கொட்டினால் கௌரவ உறுப்பினருக்கும், அவரது தலைவருக்கும், தலைவரின் தலைவருக்கும் சேர்த்து ஒரு நன்றி பெனர். கீழே "வட்டார மக்கள்" என்று எழுதி, பெனர் அடித்தவர்களின் படங்கள் எட்டு. அந்தப் பெனருக்குப் போன சல்லியில் இன்னும் இரண்டு பல்ப் வாங்கிப் போட்டிருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு விடயம்தான். எங்கள் ஊரில் குப்பை தேங்குவதற்கும், வடிகான் நாறுவதற்கும், வீதி இருட்டாய்க் கிடப்பதற்கும் முதல் காரணம் சபையில் பணம் இல்லாதது கிடையாது. சபை கடமையாகச் செய்ய வேண்டியதை நாம் உதவியாக வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறோமே, அதுதான் முதல் காரணம். உதவி செய்பவரிடம் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். கணக்குக் கேட்காத ஊரில் வேலை நடக்காது.

பிரதேச சபைகள் எப்படி வந்தன? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் வந்தன. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றைப் பார்ப்பதுதான் சபையின் வேலை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சாதாரண பாஷையில் சொன்னால் குப்பை, வடிகான், வீதி, விளக்கு, சந்தை, மையவாடி. இதற்காகத்தான் நாங்கள் சோலை வரி கட்டுகிறோம். கடைக்காரர் வியாபார அனுமதிக்குக் கட்டுகிறார். சந்தையில் மீன் விற்கிற காக்கா வாடகை கட்டுகிறார். காணி எழுதும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வையும், நீதிமன்றத்தில் கட்டுகிற தண்டப்பணமும் மாகாணத்தின் வழியாக சபைகளுக்கு வருகின்றன. ஆகவே அந்த நாலு விளக்கும் உங்களுடைய சல்லியில் எரிகின்றன. உங்கள் சல்லியில் உங்கள் வீதிக்கு விளக்குப் போட்டவருக்கு நீங்களே பெனர் கட்டுகிறீர்கள்.

நான் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிற ஆள். தவணைப் பரீட்சையில் ஒரு கேள்வி கொடுத்தேன்: உள்ளூராட்சி மன்றமொன்றின் வருமான மூலங்கள் இரண்டு தருக. ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "1. எம்.பி. கொடுப்பார். 2. அமைச்சர் கொடுப்பார்." புள்ளி போடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கெட்டித்தனமான பிள்ளை, வகுப்பில் கவனிக்கிற பிள்ளை. பாடப் புத்தகத்தில் உள்ளதை அது மறந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் பாடசாலைக்கு வரும் வழியில் மதிலிலும் மின்கம்பத்திலும் வாசிப்பதை மறக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அரசியல் படிப்பிப்பது நாங்கள் கட்டும் பெனர்கள்தான்.

பெனரோடு நின்றால் பரவாயில்லை. திறப்பு விழா என்றால் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் வரிசையில் நிறுத்துகிறார்கள். பத்து மணி என்று சொன்ன அதிதி பன்னிரண்டரைக்கு வருவார். பிள்ளைகள் பூமாலையோடு காத்துக்கொண்டு நிற்கும். அன்றைக்குப் போன மூன்று பாடத்தை யார் திருப்பித் தருவது? தங்கள் வாப்பா கட்டிய வரியில் போட்ட கொங்கிறீட் வீதிக்கு, அந்த வாப்பாவின் பிள்ளையே மாலை போட்டுக் கும்பிடு போடப் பழகுகிறது.

இனிக் கொஞ்சம் பின்னால் போவோம். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம், நீடித்த ஒரு வருடத்தையும் சேர்த்து, 2023 மார்ச்சில் முடிந்தது. 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல், பணம் இல்லை என்று நிறுத்தப்பட்டது. தேர்தலை நடத்தாதது வாக்காளர்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2025 மே 6இல்தான் வாக்களித்தோம். அதாவது இரண்டு வருடத்துக்கு மேல் நாட்டில் தெரிவு செய்யப்பட்ட சபைகள் இல்லை. செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் நடத்தினார்கள்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அந்த இரண்டு வருடமும் உங்கள் வாசலில் என்ன வித்தியாசத்தைக் கண்டீர்கள்? குப்பை உழவு இயந்திரம் அன்றும் நினைத்தால் வந்தது, இன்றும் நினைத்தால் வருகிறது. வடிகான் அன்றும் நாறியது, இன்றும் நாறுகிறது. புதிதாக வந்தவை பெனர்கள் மட்டும் என்றால், எதற்காக வரிசையில் நின்று வாக்களித்தோம்? ஒரு நல்ல உத்தியோகத்தர் போதுமே.

போதாது. உத்தியோகத்தரை நீங்கள் மாற்ற முடியாது, உறுப்பினரை மாற்றலாம். அதற்குத்தான் தேர்தல். இப்போதைய முறையில் 60 வீதம் உறுப்பினர்கள் வட்டாரத்தில் இருந்தும் 40 வீதம் பட்டியலில் இருந்தும் வருகிறார்கள். 2018க்கு முதல் இருந்த விருப்புவாக்கு முறையில் ஊர் முழுக்க எல்லோருக்கும் எல்லோரும் உறுப்பினர். அதனால் ஒருவருக்கும் ஒருவரும் பொறுப்பில்லை. இப்போது உங்கள் வட்டாரத்துக்கு இன்னார் என்று பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆள் இருக்கிறார். இந்த முறையின் பெரிய நன்மை அதுதான். அந்த நன்மையை நாங்கள் கல்யாண வீட்டுக்கு அழைக்கவும், ஜனாஸாவுக்கு வந்தாரா இல்லையா என்று பார்க்கவும் மட்டும் பயன்படுத்துகிறோம்.

வேட்பாளரைத் தெரிவு செய்யும்போது என்ன பேசினோம்? எந்தக் குடி, எந்தப் பள்ளிவாசல் மஹல்லா, யாருடைய மருமகன், எந்தத் தலைவரின் ஆள். சமூகத்தின் மானம் என்றார்கள், ஊரின் கௌரவம் என்றார்கள். வட்டாரத்தில் எத்தனை விளக்குக் கம்பம் இருக்கிறது, அதில் எத்தனை எரிகிறது என்று எந்த மேடையிலாவது ஒருவர் சொன்னாரா? கேட்டவர்தான் யார்? சமூகத்தின் மானத்தைப் பாராளுமன்றத் தேர்தலில் காப்பாற்றிக்கொள்வோம். இது வடிகான் தேர்தல். இதில் வடிகானைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும்.

இதெல்லாம் சின்ன விடயம் என்று சிலர் நினைக்கலாம். இருட்டு வீதியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பெண் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு மஃரிபுக்குப் பிறகு வகுப்புக்குப் போகிறார்கள். கடற்கரைப் பக்கத்து வீதிகளில் விளக்கு இல்லை, கட்டாக்காலி நாய் கூட்டமாக நிற்கிறது. ஒரு உம்மா என்னிடம் வந்து, "சேர், இனி இவளை அனுப்ப ஏலாது, கூட்டிவர வீட்டில் ஆளில்லை" என்று சொல்லிவிட்டுப் போனா. அந்தப் பிள்ளையின் கணித பாடம் ஒரு பல்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆண் பிள்ளைகள் சைக்கிளில் போய்விடுவார்கள். இருட்டு எப்போதும் பெண் பிள்ளையைத்தான் முதலில் வீட்டில் இருத்தும்.

வடிகானும் அப்படித்தான். வாடைக்கால மழை தொடங்கப் போகிறது. மழைக்கு முன் வெட்டாத வடிகான் மழைக்குப் பின் நுளம்புப் பண்ணை. டெங்கு வந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து சிரட்டையைப் பார்த்து எழுதுவார், வழக்குப் போடுவார். நல்லது, போடட்டும். ஆனால் வீட்டுச் சிரட்டைக்குத் தண்டம் என்றால், நூறு யார் நீளத்துக்குத் தேங்கிக் கிடக்கிற வடிகானுக்கு யாரிடம் தண்டம் அறவிடுவது?

குப்பை பற்றிச் சொல்லவே தேவையில்லை. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து 30க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். கொழும்புக் குப்பை தங்கள் மண்ணுக்கு வரக்கூடாது என்று புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்த செய்தி 2022இல் உலகம் முழுக்கப் போனது. அதற்குப் பிறகும் பிளாஸ்டிக்கையும் உக்கும் குப்பையையும் வேறாக்கி வாங்கும் ஒழுங்கு எங்கள் வீதிக்கு வரவில்லை.

இனி, வரப்போகும் பதில்களுக்கு வருகிறேன்.

"சபையிடம் பணம் இல்லை, சேர்." ஓரளவு உண்மை. பெரிய வீதி போட, கட்டடம் கட்ட மேலிருந்து ஒதுக்கீடு வர வேண்டும். ஆனால் குப்பை வண்டி எந்த நாள் எந்த வீதிக்கு வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசல் விளம்பரப் பலகையில் ஒட்ட எத்தனை கோடி வேண்டும்? பழுதான விளக்குகளின் பட்டியல் எடுக்க எந்த அமைச்சரின் கையெழுத்து வேண்டும்? பணம் இல்லாததால் நிற்கும் வேலைகளும் உண்டு, யாரும் கேட்காததால் நிற்கும் வேலைகளும் உண்டு. நான் இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறேன்.

"அது எங்கள் வேலை இல்லை, வேறு திணைக்களத்தின் வேலை." இதுவும் சில இடத்தில் சரி. பிரதான வீதி ஏ4, அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. குழாய்த் தண்ணீர் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குரியது. மின்சாரம் வேறு. ஆனால் இதை மக்களுக்கு விளக்கிச் சொல்லி, உரிய இடத்துக்குக் கடிதம் எழுதி, அதன் பிரதியைக் காட்டுவதுதான் உறுப்பினரின் வேலை. "அது எங்களுடையது இல்லை" என்று சொல்லிவிட்டு, அவர்கள் வந்து செய்து முடித்ததும் முன்னால் நின்று படம் எடுத்துப் போடுவது வேலை கிடையாது.

"மக்கள்தான் குப்பை போடுகிறார்கள்." ஆமாம், போடுகிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். குர்பானி கொடுத்த நன்மையை வீட்டில் வைத்துவிட்டு, கழிவைப் பையில் கட்டிக் கடலுக்கு அனுப்புகிறோம். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் படித்த ஊர் இது. அப்படிப் போடுகிறவரைப் பிடித்து வழக்குப் போடச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. வாக்குப் போய்விடும் என்ற பயத்தில் எந்த உறுப்பினரும் அதைச் செய்யச் சொல்ல மாட்டார். ஊர் சுத்தமாக வேண்டும் என்றால், சொந்தக்காரனுக்கு விழும் தண்டத்தையும் ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

"ஊர் விடயத்தை இப்படிப் பகிரங்கமாக எழுதலாமா? மற்றவர்கள் சிரிப்பார்கள்." எங்கள் வடிகான் நாற்றம் பக்கத்து ஊருக்கு ஏற்கனவே போய்விட்டது. நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. உமர் (ரழி) அவர்களிடம் பள்ளிவாசலில் வைத்தே, பங்கிட்ட துணியில் உங்களுக்கு எப்படிக் கூடக் கிடைத்தது என்று கேட்ட வரலாற்றை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்? கேட்டவரை யாரும் சமூகத் துரோகி என்று சொல்லவில்லை. கலீபாவிடம் ஒரு துண்டுத் துணிக்குக் கணக்குக் கேட்கலாம் என்றால், தவிசாளரிடம் வடிகானுக்குக் கணக்குக் கேட்கலாம். பதவி அமானிதம் என்று சொன்னால் போதாது. அமானிதம் கொடுத்தவர் திருப்பிக் கேட்க வேண்டும்.

ஆகவே என்ன செய்யலாம்? கல்லெறியவும் வேண்டாம், டயர் எரிக்கவும் வேண்டாம். நாலு காரியம் சொல்கிறேன்.

ஒன்று, சபையின் கடமைக்கு நன்றி பெனர் கட்டுவதை நிறுத்துவோம். இளைஞர் கழகங்களும் விளையாட்டுக் கழகங்களும் இதை முதலில் அறிவிக்கட்டும். மழையில் வடிகானுக்குள் இறங்கி மண் அள்ளுகிற தொழிலாளிக்கு ஒரு பிளேன்டி கொடுத்து நன்றி சொல்லுங்கள். அது நியாயமான நன்றி.

இரண்டு, பெற்றோரே, உங்கள் பிள்ளையை வரவேற்பு வரிசையில் நிறுத்த வேண்டாம் என்று பாடசாலை அபிவிருத்திக் குழுவில் எழுத்தில் கொடுங்கள். ஆசிரியர்கள் சொன்னால் இடமாற்றம் வரும். நீங்கள் சொன்னால் வராது.

மூன்று, வட்டாரத்துக்கு ஐந்து பேர் சேருங்கள். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும், குப்பையும் தண்ணீரும் அவர்களுக்குத்தான் கூடத் தெரியும். ஒரு பின்னேரம் நடந்து, எரியாத விளக்குகளையும் அடைபட்ட வடிகான்களையும் கம்ப இலக்கத்தோடு எழுதுங்கள். உறுப்பினரின் கையில் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த மாதம் அதே தாளோடு திரும்பப் போங்கள்.

நான்கு, பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். போன வருடம் விளக்குக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், எந்த வீதிக்கு? மூன்று கேள்வி போதும். எழுதத் தெரியாதவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், சல்லி வாங்காமல் எழுதித் தருகிறேன். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் எழுதித் தருவேன்.

சபையின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் வருட முடிவுக்கு முன் நிறைவேற வேண்டும். அதை இப்போதுதான் தயாரிப்பார்கள். இப்போது பட்டியல் கொடுத்த வட்டாரத்தின் பெயர் அதில் வரும். கொடுக்காத வட்டாரம் மழை முடிந்த பிறகு டெங்கு வார்டில் வரிசையில் நிற்கும்.

என்னோடு வட்டாரத்தில் நடக்க நாலு பேர் தேவை. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு. வருபவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.

வஸ்ஸலாம்.