கூடியிருந்து கேட்கும் இசைத்தட்டு

காதில் குமிழைச் செருகிக்கொண்டு ஹெவி மெட்டல் சங்கீதத்தைத் தனியே கேட்டுவிட்டு, இது உயர்ந்தது, இது மட்டம் என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் பெருகிவிட்ட இந்நாளில், ஓர் ஆல்பத்தின் தராதரத்தை நிர்ணயிக்க, நாலு சிநேகிதர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரை சேர்ந்து கேட்பதைவிடச் சிறந்த மார்க்கம் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். ஏகாந்தத்தில் கேட்பவன் பெரும்பாலும் தன் பழைய ருசியையே மறுபடி கேட்கிறான், எதிரே ஒருவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கும்போதுதான், சொன்னதற்குக் காரணம் தேட வேண்டிய கட்டாயம் பிறக்கிறது.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சில நியமங்கள் உண்டு. தட்டு சுழலும்போது பேச்சுக் கூடாது. முதல் பக்கத்துக்கு ஒரு தம்ளர் பீர், மறுபக்கத்துக்கு ஒன்று. அதற்குமேல் அருந்துவது அவரவர் விருப்பம், ஆனால் அதன் பிறகு சொல்லும் தீர்ப்பு கணக்கில் வராது. மது கூச்சத்தைப் போக்கி உள்ளத்தில் உள்ளதைச் சொல்லவைக்கும் என்பது மெய். அளவு மீறினால் உரக்க ஒலிப்பதெல்லாம் உயர்ந்ததாகத் தோன்றும் என்பதும் மெய்.

சென்ற மாதம் பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொண்டோம். பர்மிங்காம் நகரத்து ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நால்வர், லண்டனில் ஏறக்குறைய ஒரே நாளில் வாசித்துப் பதிவு செய்து, 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த அந்தத் தட்டை, ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் இகழ்ந்து எழுதினார். பிரிட்டனில் காசு கொடுத்து வாங்கியவர்களோ அதை எட்டாம் இடம் வரை உயர்த்தினார்கள். மழையும் தேவாலய மணியும் கேட்டு ஓய்ந்தபின் மூன்றே ஸ்வரங்கள்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமத்தில் ஒரு நடுக்கம். எங்களில் வீணை பயின்றவர் ஒருவர் உண்டு. ஐரோப்பியர் பிசாசின் பெயரிட்டு அழைத்த இந்த இடைவெளி நமக்குக் கல்யாணியில் அன்றாடம் கேட்பதுதானே என்றார்; கல்யாணியில் காந்தாரமும் பஞ்சமமும் இருபுறமும் நின்று அந்த மத்யமத்தைத் தாங்குகின்றன, இங்கே அது துணையின்றி அந்தரத்தில் நிற்பதால்தான் திகில் பிறக்கிறது என்றும் அவரே விளக்கினார். பத்து வருஷம் தனியே கேட்டும் எனக்கு இது தோன்றியதில்லை.

அந்த ஆல்பத்தை நான் சற்றுத் தாழ்வாகவே மதித்திருந்தேன். அதே வருஷம் செப்டம்பரில் வந்த 'பாரனாய்டு' அதைவிடக் கட்டுக்கோப்பானது, இதில் கிடார் வாசிப்பு முரடு என்பது என் கட்சி. அம்பத்தூர் பிரஸ் ஷாப்பில் இருபது வருஷம் உழைத்த நண்பர், இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லாதவர், அதுவரை வாய் திறக்கவில்லை. "விரல் போன இடத்துல தொட்டா, தொட்டது தெரியாது சார். அழுத்திப் பிடிச்சாத்தான் நமக்கே நம்பிக்கை வரும். இவன் அழுத்திப் பிடிக்கிறான்," என்றார். கிடார் வாசித்த டோனி அயோமியின் கதை அவருக்குத் தெரியாது. பதினேழு வயதில், தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று, பழக்கமில்லாத பிரஸ்ஸில் நிறுத்தப்பட்டு, வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தவர் அவர். இடக்கைப் பழக்கக்காரராதலால் தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினார். உலகம் கனம் என்று கொண்டாடிய அந்த ஒலி அப்படித்தான் உருவாயிற்று.

நான் முரடு என்று குறித்துவைத்திருந்ததை அன்றிரவே அடித்துவிட்டேன். அந்த முதல் ஆல்பத்தின் 'வார்னிங்' பாட்டில் வரும் நீண்ட கிடார்ப் பகுதி திசை தவறி அலைகிறது என்ற குறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்பத்தூர்க்காரரும் அதை ஒப்புக்கொண்டார்.

கூடிக் கேட்பதன் பெருமைக்கு அயோமியின் வாழ்க்கையே சாட்சி. இனி வாசிப்பே இல்லை என்று மனம் உடைந்து கிடந்தவரிடம், தொழிற்சாலையில் அவருக்கு மேலாளாக இருந்த மனிதர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். கேட்க மனமில்லை என்றவரை வற்புறுத்திக் கேட்கவைத்து, அவர் பிரமித்துப் போனபின், இதை வாசித்தவருக்கு இடக்கையில் இரண்டே விரல்கள் சரியாக இயங்கும் என்றார். அப்படி வாசித்தவர் 1928-இல் வண்டிவீட்டில் பற்றிய தீயில் கை கருகிய கிடார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட். இதை நான் சொன்னபோது அம்பத்தூர் நண்பர் வெகுநேரம் தம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை தட்டுக் கொண்டுவரும் முறை அவருடையது. ஜாங்கோவின் தட்டு எந்தக் கடையில் கிடைக்கும் என்று நேற்று போனில் விசாரித்தார்.