உல்லாசப் பிரயாணமும் ஒதுக்கப்பட்ட பிள்ளையும்

விழுப்புரம் பக்கத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவருடைய மகனுக்கு வயது பத்து, ஐந்தாம் வகுப்பு. ஆட்டிசம் என்கின்ற தன்மையோடு பிறந்த பிள்ளை. பேச்சு சொற்பம். ஆனால் திண்டிவனத்திலிருந்து செங்கற்பட்டு வரையிலுள்ள இரயில் நிலையங்களை ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்லுவான், தலைகீழாகவும் சொல்லுவான். அவன் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னையில் பெரம்பூர் பக்கத்திலுள்ள இரயில் காட்சிசாலைக்கு அழைத்துப் போவதாகப் பள்ளிக்கூடத்தார் அறிவித்தார்கள். தகப்பனார் 900 ரூபாய் கட்டினார். பையன் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தான். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது தலைமை உபாத்தியாயர் தாயாரைக் கூப்பிட்டு, "அன்றைக்குப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்று சொல்லிப் பணத்தையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாராம். அன்று விடியற்காலையில் உடுப்பு மாட்டிக்கொண்டு பையோடு வாசற்படியில் உட்கார்ந்த பையன், பொழுது சாயும் வரை எழுந்திருக்கவே இல்லையாம்.

பள்ளிக்கூடத்தின் பெயரை நாம் இங்கே போடவில்லை. ஏனென்றால் இது ஒரு பள்ளிக்கூடத்தோடு முடிகின்ற சங்கதி அல்ல. மற்றப் பள்ளிக்கூடத்தார் தங்கள் மனதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடத்தார் சொல்லும் சமாதானங்கள் மூன்று. முதலாவது, "பையன் ஓடிவிடுவான், ஆபத்து" என்பது. ஆபத்தே இல்லை என்று நாமும் சொல்லவில்லை. இப்பிள்ளைகளில் பலர் கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்கமாட்டாமல் விலகி ஓடுவதுண்டு என்பது மெய்தான். ஆனால் ஆபத்துக்குப் பரிகாரம் காவலா, கதவடைப்பா? கூட ஒரு ஆளைப் போட முடியாதா? தாயாரே வருகின்றேன் என்று சொன்னாராமே, அதை ஏன் மறுத்தீர்கள்?

இரண்டாவது, "அவன் நன்மைக்காகவே விட்டுவிட்டுப் போனோம்" என்பது. அவன் நன்மை எது என்று அவனைக் கேட்டீர்களா? காலண்டரைக் கேட்டிருந்தாலும் அது சொல்லியிருக்குமே!

மூன்றாவதுதான் உண்மையான காரணம்: "மற்றப் பெற்றோர்கள் ஆட்சேபிக்கின்றார்கள்" என்பது. இந்தச் சொல்லை நம் நாடு இதற்கு முன் கேட்டதில்லையா? தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று அன்று சொன்னவர்களும் "மற்றப் பெற்றோர்கள்"தானே? ஆட்சேபணைக்குப் பயந்து நியாயத்தைக் கைவிட்டிருந்தால் இன்று இந்நாட்டில் பாதிப் பேர் கையெழுத்துப் போடத் தெரியாமல்தான் இருப்பார்கள்.

நிற்க. இப்படிப்பட்ட பிள்ளை பிறந்தால் ஊரார் என்ன சொல்லுகின்றார்கள்? "முன் ஜென்ம பாவம்" என்கின்றார்கள். ஜோசியன் தோஷம் என்கின்றான். மந்திரிப்பவன் தாயத்துக்கு விலை பேசுகின்றான். பாவம் செய்தது யார்? பிள்ளையா, தாயா? யாருக்கும் தெரியாத குற்றத்துக்கு யாரும் பார்க்காத நீதிபதி விதித்த தண்டனை என்றால் அதை அறிவுள்ளவன் நம்பலாமா?

படித்தவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. 1943ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்னும் டாக்டர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி விவரித்து எழுதினார். அதன் பின் பல ஆண்டு காலம், தாய்க்கு அன்பு போதாததால்தான் பிள்ளை இப்படி ஆகின்றது என்று பெரிய பெரிய நிபுணர்களே தாய்மார்கள் தலையில் பழி போட்டார்கள். 1977ல் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி, இதில் பிறவிக் கூறுக்குப் பெரும் பங்கு உண்டென்று காட்டிற்று. அம்மைத் தடுப்பு ஊசியால் வருகின்றது என்று 1998ல் வெளியான கட்டுரையை, அதை வெளியிட்ட பத்திரிகையே 2010ல் வாபஸ் வாங்கிக்கொண்டது. ஆகவே இது பாவமும் அல்ல, வளர்ப்புக் குற்றமும் அல்ல, தொத்து வியாதியும் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு, அவ்வளவுதான்.

உத்தியோகத் தமிழில் இவர்களைப் "புறவுலகச் சிந்தனையற்றவர்கள்" என்றும் எழுதுகின்றார்கள். இரயில் பாதை முழுவதையும் மனதில் வைத்திருக்கும் பையனுக்குப் புறவுலகச் சிந்தனை இல்லையாம்! அவனைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்காமல் வண்டியேறிப் போனவர்களுக்கு இருக்கின்றதாம்!

சட்டமாவது இவர்கள் பக்கம் இருக்கின்றதா? அதுவும் இல்லை. 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கின்றது. அதன் 16வது பிரிவு, சர்க்கார் பண உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிக்கூடங்கள் இப்பிள்ளைகளைப் பேதமின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், படிப்போடு விளையாட்டு, பொழுதுபோக்கு ஆகியவற்றிலும் மற்றவர்களுக்குச் சமமாக இடம் கொடுக்க வேண்டும் என்றும், அவரவர் தேவைக்குத் தக்க வசதி செய்து கொடுக்க வேண்டும் என்றும் பார்க்கச் சொல்லுகின்றது. சட்டத்தை மீறினால் முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையில் அபராதமும் உண்டு. எனவே அந்தத் தாயார் கேட்டது தயவல்ல, பிச்சையல்ல, உரிமை.

உபாத்தியாயர்களை மட்டும் குற்றம் சொல்லுவது நம் நோக்கமல்ல. நாற்பது பிள்ளைகளை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, பயிற்சி பெற்ற ஆளையும் கொடுக்காத நிர்வாகிகளும், சட்டம் போட்டதோடு தூங்கிவிடும் சர்க்காருமே முதல் குற்றவாளிகள். ஆனாலும் செய்யக்கூடியது என்ன பெரிய காரியம்? போகும் இடத்தின் படங்களை முன்கூட்டியே பையனுக்குக் காட்டுவது. இரைச்சல் கேளாதபடி காதுக்கு ஒரு மூடி. சட்டையில் பெயரும் டெலிபோன் நம்பரும். கை பிடித்துக்கொள்ள ஒரு தோழன். கூட ஒரு பெரியவர். அவ்வளவுதான். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகின்ற செலவில் நூற்றில் ஒரு பங்கு ஆகுமா?

அன்று வண்டியில் போன பிள்ளைகளும் ஒரு பாடம் படித்துக்கொண்டுதான் திரும்பியிருப்பார்கள். தொந்தரவானவனை விட்டுவிட்டுப் போகலாம் என்பதே அந்தப் பாடம். நாளைக்கு அவர்களே பெரியவர்களாகி, கிழவர்களான நம்மை வாசற்படியில் உட்கார வைத்துவிட்டுப் போனால் யாரை நோவது?

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அடுத்த பிரயாணத்துக்குப் பணம் கட்டும்போது, "அந்தப் பிள்ளையும் வருகின்றானா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், "ஏன் இல்லை?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது பிள்ளைக்கு வண்டியில் தானாக இடம் உண்டாகும்.