நிமிர்ந்த திரையும் படுத்த திரையும்

பழைய ஆர்கேட் விளையாட்டுகளுக்கென வீட்டிலேயே மரப்பெட்டி செய்யும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர், மானிட்டரை மோட்டார் கொண்டு 90 பாகை திருப்பும் சட்டம் ஒன்றையும் உள்ளே பொருத்துகிறார்கள். இதை வீண் ஆடம்பரம் என்று நகைப்போர் உண்டு. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், நல்ல பதிப்பாசிரியரின் உழைப்புக்கு நிகரானது அது என்றே நான் கருதுகிறேன்.

டைட்டோவின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' (1978), நாம்கோவின் 'பேக்மேன்' (1980), நிண்டெண்டோவின் 'டாங்கி காங்' (1981) ஆகிய மூன்றும் நிமிர்ந்த திரைக்கென்றே ஆக்கப்பட்டவை. மேலிருந்து படை இறங்கி வரவும், கீழிருந்து ஒருவன் உத்தரம் உத்தரமாக ஏறிச் செல்லவும் உயரம் வேண்டும். கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' (1991) படுத்த திரைக்குரியது. எதிரெதிர் நின்று பொருதும் இருவருக்கு அகலமே களம். ஆக, திரையின் கிடப்பு இவற்றுக்கு வெளிச்சட்டம் அன்று, யாப்பு.

1997இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய 'மேம்' என்னும் மென்பொருள், இவற்றையெல்லாம் ஒரே கணினியில் ஆட வழிசெய்தது. நூல்கள் கிடைத்துவிட்டன, தாள்தான் ஒன்று. 16 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள திரையில் 'பேக்மேன்' பெறுவது 9 அங்குல அகலமும் 12 அங்குல உயரமுமே. இருபுறமும் கறுப்புப் பட்டைகள். திரையை நிமிர்த்தினால் முழுப் பரப்பும் அதற்குரியது. படுத்த நிலையில் நாம் இழப்பது ஏறத்தாழ 44 விழுக்காடு.

செய்முறை எளிது, கவனம்தான் வேண்டும். சுழலும் அச்சு திரையின் எடைமையத்தின் வழியே சென்றால் சிறிய மோட்டாரே போதும். காரின் வைப்பர் மோட்டார் இதற்கு ஏற்றது. அதிலுள்ள வார்ம் கியர், மின்சாரம் நின்ற பின்னும் திரையை எளிதில் நழுவ விடாது. இரு எல்லைகளிலும் மோட்டாரை நிறுத்த லிமிட் சுவிட்ச், திரும்பும்போது இழுபடாதபடி தளர்ந்த கம்பிகள், மானிட்டரின் மூலைவிட்டத்தைவிட மிகுந்த உள்ளிடம் ஆகியவை இன்றியமையாதவை. எந்த விளையாட்டு எக்கிடப்பிற்குரியது என்பது மேமின் தரவிலேயே இருப்பதால், திருப்பும் ஆணையையும் கணினியே பிறப்பிக்கச் செய்யலாம்.

கையால் திருப்பினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்து திருப்ப வேண்டுமென்றால், சில நாட்களில் திரை ஒரே கிடப்பில் தங்கிவிடும். பிறகு கறுப்புப் பட்டைகளே இயல்பாகத் தோன்றும். அந்த விளையாட்டுகளை இனிமேல்தான் முதன்முதலாகக் காணப்போகும் பிள்ளைகள், அவை அப்படியே பிறந்தன என்று நம்புவார்கள். பழைய கண்ணாடிக் குழாய்த் திரையின் ஒளியை இன்றைய தட்டைத் திரை தராது என்பது மெய்தான். அதற்காக, காக்கக்கூடிய வடிவத்தையும் கைவிட வேண்டுமா? பாடலின் ராகம் மறைந்துபோனது என்பதற்காக அதன் அடிகளையும் கலைத்து அச்சிடுவோர் யார்?