டின்னுக்குள் வளரும் பன்னம்

ஹட்டன் பக்கம் எந்த லயத்து இஸ்தோப்பைப் பார்த்தாலும் பூச்செடி இருக்கும். பால்மா டின், பெயின்ட் வாளி, உடைஞ்ச பேசின், எல்லாத்திலும். "நம்ம ஆளுங்களுக்குப் பூன்னா உசிரு" என்பார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி, நிலம் நம்முடையதில்லை என்பது. காம்பரா மாறினால் டின்னைத் தூக்கிட்டுப் போகலாம்.

அந்த டின்னுக்குப் பொருத்தமான செடி ஒன்றைச் சொல்கிறோம்: லெதர் லீஃப் பன்னம். பொக்கேயில் ரோசாவுக்குப் பின்னால் முக்கோணமாக, தோல் மாதிரித் தடிப்பாக நிற்கும் பச்சை இலை அதுதான். தென்னாபிரிக்காவில் இதற்கு 'ஏழு வாரப் பன்னம்' என்றே பெயர். வெட்டின பிறகும் அவ்வளவு நாள் வாடாதாம். அங்கே நைஸ்னா காட்டில் தானாக முளைக்கிறதை வெட்டி விற்கிறார்கள். நாம் காட்டுக்குப் போகத் தேவையில்லை, போகவும் கூடாது.

வளர்க்கிறது லேசு. கிழங்கு மாதிரி ஊர்ந்து போகும் தண்டை, இரண்டு மூன்று இலையோடு துண்டாக்கி நட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: தண்டை ஆழமாகப் புதைத்தால் அழுகிப் போகும். மேலாக வைத்து லேசாக மூடினால் போதும். தும்புச்சோறும் மக்கின இலையும் கலந்த மண், அரைவாசிக்கு மேல் நிழல், ஈரம். ஆனா தண்ணீர் தேங்கக் கூடாது. நுவரெலியாவில் தை மாதப் பனிக்கு இரவில் சாக்குப் போட்டு மூடணும். இலைக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வந்தால் பூச்சி என்று மருந்தடிக்க வேண்டாம், அது வித்து. இளம் இலையை வெட்டினால் உடனே சுருண்டிடும். கரும்பச்சையாக முற்றினதை மட்டும் வெட்டுங்க.

இதையெல்லாம் சுயதொழில் பயிற்சி என்று சொல்லி, ஆளுக்கு மூன்று சட்டி கொடுத்துப் படம் எடுக்கிறவர்களோடுதான் நமக்குச் சண்டை. மூன்று சட்டி அலங்காரம், வருமானமில்லை. வருமானம் வேணும்னா நிழல் வலைப் பந்தல் வேணும். வீட்டுக்கென்று சொன்ன 7 பேர்ச்சில், சுமார் 1,900 சதுர அடியில், வீடு போக மிஞ்சுவது எவ்வளவு? அதுவும் கிடைக்காமல் லயத்திலேயே இருப்பவர்கள் பந்தலுக்கு ஒரு கால் நடவும் தோட்ட நிர்வாகத்திடம் போய் நிற்கணும்.