ஏட்டுச் சுரைக்காயும் அடுப்பும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஆயினும் இக்காலத்தே ஏட்டினின்றே கறி சமைக்கும் வழக்கமொன்று மேனாடுகளிற் பரவி வருகின்றது. கற்பனைக் கதைகளில் வரும் விருந்துகளையும், பண்டை அரசர் மடைப்பள்ளிக் குறிப்புகளையும் அடுப்பேற்றிச் சுவைத்தலே அவ்வழக்கம். இதனை வீண் பொழுதுபோக்கு என்று இகழ்வாரும் உளர். கல்வியின் ஒரு கூறு என்று புகழ்வாரும் உளர். இதுபற்றி எமது கருத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையற்காரர், ஏறத்தாழ 1390-ஆம் ஆண்டில் ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’ என்னும் நூலைத் தொகுத்தனர். அது 1780-இல் சாமுவேல் பெக் என்பவரால் அச்சேறியது. பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் அதனை நம் கறியோடு இணைத்தல் கூடும். ‘கியூரி’ என்பதோ அக்கால ஆங்கிலத்திற் சமையலைக் குறித்த சொல்லேயாம். அந்நூலிற் பெரும்பாலும் அளவும் இல்லை, வேகும் நேரமும் இல்லை. ‘இனிய பொடி’ இடுக என்னும். அப்பொடியிற் சேர்வன இவை என்னாது. உரோமர்தம் அப்பீசியஸ் நூலும் இத்தகையதே. அதனுள் மிளகு வாராத குறிப்பு அரிது. அம்மிளகு சேரநாட்டுக் கரையினின்று கப்பலேறிச் சென்ற பண்டம் என்று எண்ணுங்கால், சரித்திரப் பாடம் நாவிலேயே இனிக்கின்றதன்றோ?

நிற்க. ‘இல்லாத உலகத்து உணவை ஆராய்வதால் யாது பயன்?’ என்று வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். டால்கீன் 1937-இல் வெளியிட்ட ‘ஹாபிட்’ என்னும் கதையின் விருந்தொன்றிற் கோழியிறைச்சியோடு தக்காளி இடம்பெற்றிருந்தது. 1966-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் அதனை நீக்கி ஊறுகாயை வைத்தனர். தக்காளி அமெரிக்கக் கண்டத்தினின்று பிற்காலத்தே ஐரோப்பா புகுந்த பயிர். பழைமை வாய்ந்ததாகப் புனைந்த உலகிற்கு அது பொருந்தாது. கற்பனை செய்வாரும் காலவரம்பைப் பேணுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? ஜார்ஜ் மார்ட்டின் கதைகளைத் தழுவி, செல்சி மன்ரோ-காசல், சாரியன் லேரர் என்னும் இருவர் 2012-இல் வெளியிட்ட சமையல் நூலும், பல பண்டங்கட்கு இடைக்காலச் செய்முறையையும் இக்காலச் செய்முறையையும் அருகருகே தருகின்றது. பழையது எது, புதியது எது என்று படிப்பவர் தாமே கண்டுகொள்ளலாம்.

யாம் வற்புறுத்துவதும் இதனையே. மூலம் வேறு, உரை வேறு. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் ஏடுகளைப் பதிப்பித்தபொழுது பாடபேதங்களைக் குறித்துக் காட்டினார்கள். அந்நேர்மை அடுப்பங்கரைக்கும் வேண்டும். மூலத்தில் உள்ளது இது, யாம் கூட்டியது இது என்று பிரித்து எழுதாமற் சமைத்தது, எத்துணைச் சுவைத்தாலும், பொய்ச்சான்றேயாம். சோழர் கால விருந்து என்று பெயரிட்டு மிளகாய்ச் சாந்து அரைப்பது அத்தகையது. போர்த்துகேசியர் 1498-இல் இந்நாடு வந்த பின்னரே மிளகாய் நம் அம்மியேறியது. ‘மிளகு’ என்னும் பழம்பெயரைக் கடன்கொண்டு வழங்கும் அதன் பெயரே அதற்குச் சாட்சி.

இன்னும் ஒன்று. அறுநூறு ஆண்டுகட்கு முற்பட்ட அந்நிய அரசனின் உணவை ஆராயும் மாணவர், தம் பாட்டியின் குழம்பிற்கு உரிய கைப்பக்குவத்தை எழுதி வைத்துள்ளனரா? அவ்வன்னையரும் ‘கொஞ்சம்’ என்றும் ‘பதமாக’ என்றுமே சொல்லுவர். அக் ‘கொஞ்சம்’ எத்துணை என்று அவர் அருகிருந்து நிறுத்து அறிவார் இலரேல், ‘இனிய பொடி’க்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். மேனாட்டு ஏடுகளை ஆராய்ந்து சமைக்கும் பயிற்சி நன்று. அப்பயிற்சியாற் கூர்மையுற்ற கண்ணோடும், கையில் ஏட்டோடும் துலாக்கோலோடும், வருகின்ற விடுமுறையில் நம் மாணவர் தத்தம் இல்லத்து அடுப்பங்கரை புகுவாராக.