ஃபனான் டாக்டர் வேலையை மட்டும் பார்த்திருக்கணுமா?

"அரசியல் எல்லாம் உங்களுக்கு எதுக்கு டாக்டர், ஊசியைப் போட்டோமா போனோமான்னு இருங்க." நான் எது எழுதினாலும் கீழே இப்படி ஒருத்தர் வந்துடுவார். அதே ஆட்கள்தான் ஃபிரான்ஸ் ஃபனான் படத்தைப் போட்டு 'வன்முறையைப் போதிச்சவர்'னு எழுதுறாங்க. நம்ம தோழர்கள் சிலர் அதே வன்முறையைப் பெருமையா ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க. ரெண்டு தரப்பும் முதல் அத்தியாயத்தைத் தாண்டலைன்னு நினைக்கிறேன்.

அவர் ஒரு அரசு மனநல ஆஸ்பத்திரி டாக்டர்ங்க. அங்கிருந்து ஆரம்பிங்க.

1925ல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மார்த்தினிக் தீவில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டை போட்டு, காயம்பட்டு, பதக்கமும் வாங்கினார். அதே பிரான்சில் மருத்துவம் படிக்கப் போனப்போ, நீ எங்க ஆள் இல்ல, கறுப்பன்தான்னு உணர்த்திட்டாங்க. அந்த அனுபவத்தை ஆராய்ஞ்சு பட்ட ஆய்வாக் கொடுக்கப் பார்த்தார், ஏத்துக்கல. வேற ஒண்ணை எழுதிப் பட்டம் வாங்கினார். முதல்ல எழுதினது 1952ல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்'னு புத்தகமாச்சு.

அதே வருஷம் ஒரு கட்டுரை எழுதினார். பிரான்சில் கூலி வேலை பார்த்த வட ஆப்பிரிக்கர்கள் உடம்பு பூரா வலின்னு வருவாங்க. பரிசோதனையில் ஒண்ணும் இருக்காது. நடிக்கிறான்னு டாக்டர்கள் முடிவு கட்டிடுவாங்க. நோயாளிய விட்டுட்டு அந்த டாக்டர்களோட மனசை ஆராய்ஞ்சார் ஃபனான். படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஓபி முடியுற நேரத்துல "கை கால் எல்லாம் கடுக்குது சார்"னு வந்த எத்தனை பேருக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காம பி-காம்ப்ளெக்ஸ் எழுதியிருக்கேன்!

1953ல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனைக்குப் போனார். அல்ஜீரியர்கள் மூளை அமைப்பிலேயே பின்தங்கியவர்கள்னு அங்கே மருத்துவப் பேராசிரியர்களே 'அறிவியலா' பாடம் நடத்தின காலம். ஃபனான் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும். கூட்டம், விழா, நாடகம்னு ஒரு சிகிச்சை முறையைக் கொண்டுவந்தார். பெண்கள் வார்டுல பலிச்சது, ஆண்கள் வார்டுல தோத்தது. நோயாளிகளைக் குத்தம் சொல்லல. ஐரோப்பிய வாழ்க்கையை அவங்க தலையில கட்டப் பார்த்தது என் தப்புன்னு எழுதியே வெளியிட்டார். அப்புறம் அவங்க ஊர் வழக்கப்படி காபிக் கடை வெச்சார், அவங்க பண்டிகையைக் கொண்டாடினார். நம்மில் எத்தனை பேர் தோத்த சிகிச்சையைப் பத்தி எழுதுவோம்?

1954ல் விடுதலைப் போர் வெடிச்சது. சித்திரவதைக்கு ஆளானவனும் அதைச் செஞ்ச போலீஸ்காரனும் அவர்கிட்டயே சிகிச்சைக்கு வந்தாங்க. ஒருநாள் ஆஸ்பத்திரி வளாகத்துல ரெண்டு பேரும் எதிரெதிரே பார்த்துட்டாங்க. போலீஸ்காரன் வேர்த்து நடுங்கி மரத்துல சாஞ்சு நின்னான். மற்றவன், தன்னைத்தான் தேடி வந்திருக்காங்கன்னு பயந்து தற்கொலைக்கு முயன்றான்.

இன்னொரு இன்ஸ்பெக்டர். வேலையில சித்திரவதை, வீட்டுல பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு அடி. அந்த வேலையை விடுற எண்ணம் அவனுக்கு இல்ல. மனசாட்சி உறுத்தாம சித்திரவதை செய்ய உதவுங்கன்னுதான் டாக்டர்கிட்ட கேட்டான்.

டாக்டர் வேலையை மட்டும் பாருன்னு சொல்றவங்களே, சொல்லுங்க. அவனுக்கு என்ன மாத்திரை எழுதணும்?

ஃபனான் 1956ல் ராஜினாமா கடிதம் எழுதினார். சொந்த மண்ணுலயே மனுஷனை அந்நியனாக்குற ஆட்சியில மனநல மருத்துவத்துக்கு அர்த்தமே இல்லைங்கறது அதன் சாரம். 1957ல் நாடு கடத்தினாங்க. துனிசுக்குப் போய் விடுதலை இயக்கத்துக்கு எழுதினார், அங்கயும் ஆஸ்பத்திரி வேலையை விடல.

அடிமைப்பட்டவனின் எதிர்வன்முறையை அவர் நியாயப்படுத்தினார். மறுக்கல, அதுல எனக்கு முழு உடன்பாடும் இல்ல. ஆனா 1961ல் வந்த அதே கடைசிப் புத்தகத்துலதான், விடுதலைக்கு அப்புறம் வெள்ளைக்காரன் நாற்காலியில உட்காரப் போற உள்ளூர் முதலாளிகளையும் கிழிச்சார். கடைசி அத்தியாயம் முழுக்க மேலே சொன்ன கேஸ் குறிப்புகள்தான். குண்டு வெச்சவன், அடிச்சவன், அடிபட்டவன், யாருக்குமே தூக்கம் வரல. அதையா 'வன்முறைப் போதனை'ங்கறீங்க?

ரத்தப் புற்றுநோயோட அதை எழுதினார். 1961 டிசம்பர் 6, வயசு 36. அல்ஜீரியா விடுதலையானது அடுத்த வருஷம்.

இனிமே அவர் படத்தைப் போடுறதுக்கு முன்னாடி அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படிச்சிட்டு வாங்க, சண்டை போடலாம். எனக்கு ஓபிக்கு நேரமாச்சு.