ஆலைவாசல் ஆங்கிலம்

பகுதி இரண்டில் ஆங்கிலம் பயின்று தேறும் நம் மாணவர், நாடகப் பாத்திரத்தின் பண்புநலனை இரண்டு பக்க அளவில் வரைவர். அவரே ஒரு நிறுவனத்தில் பணியமர்ந்து, 'லே-ஆஃப்' என்னும் சொல் தாங்கிய தாளொன்றைப் பெறுங்கால் திகைத்து நிற்பர். 'வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்' என்று ஊரார் ஒரே தொடரில் சொல்லி முடிப்பதை ஆங்கிலம் பல சொற்களாகப் பகுத்து வைத்துள்ளது. அப்பகுப்பு சொல்லழகிற்காக எழுந்ததன்று.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தை நோக்குக. நிலக்கரியோ மின்சாரமோ மூலப்பொருளோ இன்மையால் தொழிலாளிக்கு வேலை தர இயலாமற் போவதை அது 'லே-ஆஃப்' என்றது. வேலை இல்லை, பணியுறவு அறவில்லை, தகுதியுடையார்க்குப் பாதி ஊதியமும் உண்டு. 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்னும் ஆட்குறைப்பில் உறவே அறுகிறது. எனினும் அது தண்டனையன்று. ஓராண்டேனும் தொடர்ந்து பணியாற்றியவர்க்கு, ஆண்டொன்றிற்கு 15 நாள் ஊதியம் என இழப்பீடு வகுத்தனர். 'டிஸ்மிசல்' என்பதோ தண்டனை. 'சஸ்பென்ஷன்' என்பது விசாரணையை எதிர்நோக்கி விலக்கி வைத்தல். அக்காலத்திற்குப் பிழைப்பூதியம் வழங்கத் தமிழகம் 1981இல் தனிச் சட்டமே இயற்றிற்று. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பும் லே-ஆஃபையும் ஆட்குறைப்பையும் வேறுவேறாகவே வைத்துள்ளது. நான்கிற்கும் 'நீக்கம்' என்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட மாணவன், தனக்குரியது இன்னதென்று அறியாமலே அதனை இழப்பான்.

அயற்சொல் ஆதலின் கடினம் என்பார்க்கு மதுரையைச் சூழ்ந்த சிற்றூர் உழவரைக் காட்டுவேன். ஜமாபந்தி, பசலி, ஜப்தி, ரசீது, ராஜினாமா யாவும் அரபும் பாரசீகமும் ஈந்த சொற்கள். எழுத்தறியா முதியவரும் பசலி ஜூலையில் பிறக்கும் என்பார். (அரபு கற்ற நம்மவர் சிலர்க்கு வேர்ச்சொல் தெரியும், பசலி எப்போது பிறக்கும் என்பது தெரியாது!) நிலம் கைவிட்டுப் போய்விடும் என்னும் அச்சமே அவர்க்கு ஆசானாயிற்று. பஞ்சாலைத் தொழிலாளர், மாற்றாளைக் குறிக்கும் 'பதலி'யைக் கற்றதும் அவ்வாறே. நாம் நாளும் வழங்கும் 'பதில்' அதன் உடன்பிறப்பே.

1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், ஆலையின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலார் அறிந்த மொழியிலும் வாயிலருகே பலகையில் ஒட்டிவைக்குமாறு விதித்தது. இருமொழியும் அருகருகே நிற்கும் இதனினும் சிறந்த பாடநூல் எனக்குத் தெரியவில்லை. கப்பலூர்த் தொழிற்பேட்டை நம் மாணவர்க்குத் தொலைவன்று. ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் கூடி அத்தகைய நிலையாணை ஒன்றை வகுப்பிற்குக் கொணரலாம்.

இதில் தமிழ்த் துறைக்கென்ன வேலை என்று சிலர் வினவுவர். 'தகுதிகாண் பருவம்' என்னும் தமிழ்த் தொடரே விளங்காதவனுக்குப் 'புரொபேஷன்' எங்ஙனம் விளங்கும்?